செவலை நக்கிய படம்

அன்று மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பார்வதி, அவள் தம்பி முத்தையா, நிறைசினையாக இருந்த எங்கள் பசு செவலை.

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலயை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். தேயிலைப் பெட்டிப் பலகையில் கிழிந்த சாக்கையும் வெள்ளித்தாளையும் மனம்போல ஒட்டி, அதன்மேல் செவலையின் முகத்தை வரைந்து பார்த்தேன். பதுளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கொடுத்த அக்ரிலிக் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்தது. ஒட்டும் பசையைப் பார்வதி கோதுமை மாவில் காய்ச்சித் தந்தாள். கரப்பான் அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடச் சொல்லியிருந்தேன். அது விஷம்.

பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பினால், படத்தில் மூக்குப் பக்கம் ஒட்டியிருந்த சாக்கைச் செவலை நக்கிக்கொண்டிருந்தது.

முத்தையா சிரித்தான். “மச்சான், ஒங்க படத்த ரசிக்கவும் ஒரு ஆள் கெடச்சிருச்சு!”

“துத்தம்டா! வயித்துல கன்னு இருக்கு!” பலகையைப் பிடுங்கினேன்.

“பதறாதீங்க,” என்றாள் பார்வதி. “துத்தம் போடல. மாடு இருக்கிற எடமாச்சேன்னு உப்பத்தான் போட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கேப்பீங்களா?”

உப்புக்குத்தான் நக்கியிருக்கிறது. செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. இப்போது அதை வரைகிறேன். செவலை படத்தில் நாக்குப் பட்ட இடத்தைத் திருத்தவில்லை. அந்த மூக்குதான் அசலாக இருக்கிறது. துத்தத்தை வீட்டிலேயே வைப்பதில்லை. மாட்டுக் கயிற்றை அளந்த பிறகுதான் பலகையை வைக்கிறேன். கயிறு நாலு முழம். பலகைக்குத் தூரம் ஏழு முழம்.