நெளிந்த மண்ணெண்ணெய் டின்

என் வகுப்பறை மூலையில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின் நிற்கிறது. ஒரு பக்கம் நெளிந்திருக்கும். குப்பைத்தொட்டி என்று நினைத்து அதில் காகிதத்தைப் போடுகிற புது மாணவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். போன வாரம் ஒருத்தி சுத்தியலோடு வந்து, "மேடம், இந்த நெளிவைத் தட்டி நேராக்கித் தரவா?" என்றாள். நல்ல பிள்ளை, உதவத்தான் வந்தாள். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் முகம் வாடிவிட்டது. மனசு கேட்கவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு அந்த டின்னின் கதையைச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் கட்டுமானம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்த வந்த புதிது. கட்டடத்தின் கார்பன் தடம் என்று இன்று கணினியில் தட்டுகிறோமே, அந்தப் பேச்சே அப்போது எங்கள் கல்லூரியில் கிடையாது. செங்கல் சுட, சிமெண்டு செய்ய, இரும்பு உருக்க, லாரி ஓட எவ்வளவு எரிபொருள் போகிறது என்று கணக்கிடச் சொல்லித்தர எனக்கு ஆசை. பிள்ளைகளுக்குப் புரியட்டுமே என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் டின்னாக மாற்றிச் சொன்னேன். இந்தச் சுவருக்கு எத்தனை டின், அந்தத் தூணுக்கு எத்தனை டின்? அதற்காகவே மேல்மூடியை வெட்டிய காலி டின் ஒன்று என் மேசைமேல் இருந்தது.

பக்கத்து வகுப்பில் செலவு மதிப்பீடு நடத்திய சார் என்னைவிட மூத்தவர், சரியான கேலிக்காரர். "என்னம்மா, எண்ணெய்க்கடை வியாபாரம் எப்படிலா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கேட்காமல் என் வகுப்பைத் தாண்டமாட்டார். ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் கல்லூரியோடு சரி. அவர் மனைவிக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பழைய பலகை வீடு, வாசலில் உயர உயரமாகப் படிகள். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா மாதக்கணக்கில் வெளியே இறங்கவே இல்லை. தைப்பூசத் தேர் அந்த வாசல் வழியாகத்தான் போகும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து தேருக்குத் தம் கையால் தேங்காய் உடைத்தவர் அவர். பழைய வீட்டை இடித்துவிட்டுப் படியே இல்லாத கான்கிரீட் வீடு கட்டித்தர சார் துடித்துக்கொண்டிருந்தார். இடிக்க ஆளும் பேசியாயிற்று.

"உன் பிள்ளைங்கள என் வீட்டைக் கணக்குப் போடச் சொல்லு, பார்ப்போம்" என்று அவரேதான் கூப்பிட்டார்.

போனோம். பிள்ளைகள் பலகை, ஓடு, தூண் என்று ஒன்றுவிடாமல் அளந்தார்கள். அதே அளவில் கான்கிரீட் வீடு கட்டினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அதற்கான டின்களை அடுக்க அவர் முற்றமே போதாது. ஒரு பையன் அதை உற்சாகமாகச் சொல்லிவிட்டான். சார் முகம் சிவந்துவிட்டது.

"எல்லாம் சரிலா. என் பொண்டாட்டி உங்க கணக்குல எத்தனை டின்?"

அப்போதுதான் உள்ளேயிருந்து அக்காவின் குழறிய குரல் கேட்டது.

"ஏங்க, ஓட்டை அளந்தாச்சு, பலகையை அளந்தாச்சு. என்னை யாராச்சும் கேட்டீங்களா? வீடு முடியிற வரைக்கும் சிம்பாங் அம்பாட்ல மவன் வீட்டு மாடியில கெடக்கணும். இந்தத் தேர் போயிடும். அடுத்த தேருக்கு நான் இருப்பேனோ என்னவோ. எனக்குப் புது வீடு வேணாங்க. வாசலுக்கு வந்தா போதும்."

சார் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்பக்கக் கொட்டகையைப் பிரித்து, அந்தப் பலகைகளிலேயே வாசலுக்குச் சாய்தளம் அடித்தோம். செங்குத்தாக இருந்தால் அக்காவின் சக்கர நாற்காலி பாய்ந்துவிடும் என்று முற்றத்தை வளைத்து நீளமாகப் போட்டோம். சோதித்துப் பார்க்க சாரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். பையன்கள் தள்ளியதும், "ஐயோ, மெல்லமாலா! கொன்னுடாதீங்கடா!" என்று அலறினார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இறங்கி வந்த சார் என்னிடம், "ஆணியைச் சேர்த்தாலும் அரை டின் வராது, என்னம்மா?" என்றார்.

தைப்பூசத் தேர் வரும் நாளில் தேங்காய் வைக்க என் டின்னைத்தான் கேட்டு வாங்கினார். தெருவெல்லாம் தேங்காய்க் குவியல். சாய்தளத்தில் இறங்கி வந்த அக்கா இடது கையால் முதல் தேங்காயை ஓங்கினார். பழக்கமில்லாத கை. தேங்காய் குறிதவறி டின்மேல் டங்கென்று விழுந்தது. உதவப் போன சாரின் கையை, "விடுங்க, நானே உடைப்பேன்" என்று தட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அந்த நெளிவுதான் இது என்று டின்னைக் காட்டிக் கதையை முடித்தேன். அக்காவும் இன்று இல்லை, சாரும் இல்லை. அந்தப் பலகை வீடு இன்னும் நிற்கிறது. என் பிள்ளைகளின் கணினி ஒரு கட்டடத்தையே கண்மூடித் திறப்பதற்குள் கணக்கிட்டுவிடுகிறது. அதைத் திறக்குமுன், அங்கே இருக்கப்போகிறவர்களைப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்வது மட்டும் என் பிடிவாதம்.

சுத்தியல்காரப் பெண் மெல்லக் கேட்டாள்: "ரெண்டாவது தேங்கா உடைஞ்சுதா, மேடம்?"

"சில்லுச் சில்லா உடைஞ்சுதும்மா. எல்லாரும் தேரைப் பார்த்தாங்க. சார் மட்டும் அக்காவையே பார்த்துக்கிட்டு நின்னாரு."

அவள் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.