தோட்டத்தில் கட்டிய கயிறு

அந்த வருடம் சித்திரை வெயில் அடிக்கவே இல்லை. விடிந்தால் மழை, பொழுதடைந்தால் மழை. கோடையில் போர்த்திக்கொண்டு படுத்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான். எங்கள் ஊரான காரோட்டில் தேவாலயச் சபைக்குச் சொந்தமான தாழ்ந்த நிலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து காய்கறி போட்டிருந்தோம். வேதக்காரர், இந்து, தமிழ், மலையாளம் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பயறும் வெள்ளரியும் வழுதலை என்கிற கத்தரியும் யார் பறித்தாலும் எல்லோர் வீட்டுக்கும் போகும்.

வெளியில்தான் நிலைமை சரியில்லை. மலையாள நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையை எங்கே போடுவது என்று ரோட்டில் ஒரு நாள் ஒரு தரப்பின் ஊர்வலம், மறுநாள் எதிர்த்தரப்பின் ஊர்வலம். என் வீட்டுக்காரர் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கூட்டங்களுக்குப் போய்வந்தார். அவர் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பயத்தை மறக்கத்தான் தோட்டத்துக்குப் போவேன். அங்கேயோ வேரடியில் தண்ணீர் நின்று வெள்ளரிக் கொடி மஞ்சளடித்துக் கிடந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது.

நடுவே ஓர் ஓடை வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். கோணாமல் வெட்ட வேண்டுமே என்று ஒரு சாயங்காலம் நான் மட்டும் போய், மேட்டிலிருந்து கிணற்றை ஒட்டிக் கீழே வாய்க்கால் வரை குச்சிகள் அடித்து நேராகக் கயிறு கட்டினேன். காலையில் எல்லோருமாக வெட்டலாம் என்று நினைப்பு. என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

காலையில் ஒருத்தியும் வரவில்லை. தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மண்வெட்டியோடு அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சியின் வாசலில் போய் நின்றேன். தினமும் எனக்கு முன்னால் தோட்டத்தில் நிற்கிறவள் அவள்.

“என்ன சேச்சி, பயறெல்லாம் அழுவிப் போவுது, நீங்க இங்க இருக்கியளே?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கயிறு கெட்டினது ஆராக்கும்?”

“நானாக்கும்.”

“கிணறு உங்க பக்கம் போச்சு. எங்களுக்கு அந்தச் சேத்துப் பக்கம். உன் மாப்பிள்ளை சொல்லித் தந்ததா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. தோட்டத்தில் தமிழ்க்காரர்கள் நாங்கள் எல்லை போட்டுவிட்டோம் என்று அக்கம்பக்கம் முழுக்கப் பேச்சாகியிருந்தது.

“வெள்ளம் போறதுக்காக்கும் சேச்சி! ஓடை வெட்டக் கயிறு கெட்டினா எல்லை ஆயிருமா? உங்களுக்குப் புத்தி உண்டா?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் மண்வெட்டியை எடுத்தாள்.

தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் கயிற்றை அறுத்து எறிந்தேன். சேச்சி சேற்றில் இறங்கியதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மதியத்துக்குள் கோணல்மாணலாக ஓர் ஓடை வெட்டி முடித்தோம். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. சேச்சி சேற்றுக் கையோடு என் கன்னத்தைக் கிள்ளி, “கோவக்காரி” என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. நான் கிணற்றுப் பக்கம் பயறு பறித்துக்கொண்டிருந்தேன். கூடையோடு வந்த சேச்சி ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். தாண்ட ஓர் எட்டுப் போதும்.

“மோளே, நான் அங்க வரட்டா?” என்று கேட்டாள்.

“வாங்க சேச்சி” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், அவளுக்கு அனுமதி கொடுக்கிறவளாக நான் ஆகிவிட்டது உறைத்தது.