பெருநாளைக்கு மறுநாள் வந்த விமானம்

என் தங்கச்சி ஷிம்லா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எங்கள் ஊர் ஓடுபாதையில் பறவை இல்லை என்று அவள் வோக்கிடோக்கியில் சொன்ன பிறகுதான் ஒரு விமானத்தை இறங்க விடுவார்கள்.

மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு வெளியேறி வந்த குடும்பம் எங்களுடையது. அவள் பிறந்தது இங்கே, கரைத்தீவில். உப்பங்கழிக் களப்போரம் கிடந்த பழைய ஓடுபாதையை நீட்டி, தீவுகளைப் பார்க்க வருகிறவர்களை நேரே வானத்தால் கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் ஊரில் பலர் வேலைக்கு எழுதிப் போட்டார்கள். பறவை கலைக்கும் வேலை என்று தெரிந்ததும் மற்றவர்கள் சிரித்துவிட்டு விலகினார்கள். ஷிம்லா போனாள். ஒரு வெடிக்கருவி, ஒரு வோக்கி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். எந்தப் பறவை எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்தால் வரும் என்று தானாகவே கற்றுக்கொண்டாள். வேலை தற்காலிகம்தான். முதல் சுற்றுலா விமானம் நல்லபடியாக வந்து போனால் நிரந்தரமாக்கலாம் என்று பொறுப்பதிகாரி நிக்கொலஸ் சொல்லியிருந்தார். அவர் சிலாபத்துக்காரர்.

அந்த முதல் விமானத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாளைக் குறித்திருந்தார்கள். பெருநாள் விடுமுறையைத் தவிர்த்துத்தான் குறித்தார்கள். ஆனால் மாடு அறுத்துக் குர்பான் கொடுப்பது எங்களுக்கு ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. ஊரில் மாடு அறுப்பவர் ஹிஸ்புல்லா மாமா ஒருவர்தான். பாதி மாடுகள் இரண்டாம் நாள் காலையில்தான் அறுபடும். அறுக்கிற இடம் ஓடுபாதையின் தெற்குக் கோடியை ஒட்டிய தென்னந்தோட்டம்.

பெருநாளைக்கு முன்னமே ஷிம்லா மாமா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மாமா, ரெண்டாம் நாள் காலையில ப்ளேன் வருது. குடல் ஒன்டும் வெளிய கெடக்கப்படாது. பருந்து எறங்கும்."

"தொழுகைக்குப் பொறகு அறுக்கிறத ப்ளேனுக்காகப் பிந்த வெக்கேலாது புள்ள."

"பிந்தச் சொல்லல்ல. ஒடனே புதைங்க என்டுதான் சொல்றன்."

"ஒன்ட கையில வெடி இரிக்கிதானே? நாலு வெடி போடன்."

"வெடி போட்டா எழும்பும் மாமா. எறச்சி வாசம் இரிக்கும் மட்டும் திரும்பித் திரும்பி வரும்."

மாமி சாரா உம்மா உள்ளேயிருந்து சிரித்தார். "காகம் கலைக்கிறதுக்கா ஒன்ட உம்மா ஒன்ன ஏயெல் சோதன வரைக்கும் படிக்க வெச்சா?"

"காகம் இல்ல மாமி, பருந்து. கொஞ்சம் பெரிய உத்தியோகம்."

மாமாவே சிரித்துவிட்டார். "சரி, குழிய மூடுற வேல என்ட பொறுப்பு" என்றார். சொன்னபடி பெருநாளன்று எல்லாக் கழிவையும் தானே நின்று மூடவைத்தார்.

மறுநாள் காலை எங்கள் பங்கு இறைச்சியை வாங்க நான் தோட்டத்தில் நின்றேன். ஷிம்லாவிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணனான என்னை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, தோட்டத்துக்க என்ன கெடக்கு? பருந்து கூட்டமா சுத்துது."

போய்ப் பார்த்தேன். முதல் நாள் குழியை இரவு நாய்கள் தோண்டியிருந்தன. மணல் குழிதானே. குடல்கள் வேலி வரைக்கும் இழுபட்டுக் கிடந்தன. மாமா அறுத்துக்கொண்டிருந்த மாட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தார். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் வாரத் தொடங்கினோம்.

அங்கே ஓடுபாதையில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். வெடி போட்டாள், பருந்துகள் எழும்பின, திரும்பின. களப்புக்கு மேலே விமானம் தெரிய ஆரம்பித்துவிட்டது. வரவேற்க மேளக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் நின்றார்கள். நிக்கொலஸ் வோக்கியில் கேட்டார்.

"ஷிம்லா, கிளியர்தானே?"

"இல்ல சேர். பாதைக்கு மேல பருந்து இரிக்கி."

"நாலஞ்சு பருந்துதானே? கொழும்பிலயிருந்து பெரியாக்கள் எல்லாம் வந்து நிக்கிறாங்க. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சேர் சொல்றன். எஞ்சினுக்க ஒன்டு போனாலும் போதும். கிளியர் இல்ல."

தாழ்ந்து வந்த விமானம் மூக்கை நிமிர்த்தித் தீவுகளின் பக்கம் திரும்பிப் போனதைத் தோட்டத்தில் நின்ற நாங்களும் கண்டோம். மேளச் சத்தம் நின்றது. "புள்ளட வேல போச்சுடா" என்று மாமா முனகினார். முனகிக்கொண்டே இன்னும் வேகமாக மண்ணைத் தள்ளினார். மூடிய குழியின் மேல் தென்னங்குற்றிகளை உருட்டிப் போட்டோம். அவள் மறுபடி வெடி போட்டபோது பருந்துகள் களப்புப் பக்கமாகக் கலைந்து போயின. அப்போதுதான் "கிளியர்" என்றாளாம்.

இறங்கியவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள். திரும்பிப் போகும்போது, தீவுகளை இன்னொரு தடவை காட்டுகிறேன் என்று விமானி அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பெண் நிக்கொலஸின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். நிக்கொலஸோ ஷிம்லாவின் பக்கமே திரும்பவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. பெருநாள் இறைச்சிக்கறியை உம்மா தட்டோடு திரும்ப எடுத்துப் போனார். "பொய் சொல்லியிருந்தா வேல கெடச்சிருக்கும், நானா" என்றாள். "சொல்லியிருப்பியா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை நிக்கொலஸ் அழைத்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று அவள் போனை மேசையில் வைத்தாள்.

"அடுத்த வருசம் உங்கட பெருநாள் எந்தெந்த நாள்? இப்பவே கொழும்புக்கு அறிவிக்கணும்."

"இப்ப சொல்லேலாது சேர். பிறை பாத்துத்தான் சொல்லலாம்."

அந்தப் பக்கத்தில் நாட்காட்டித் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப பிறை பாக்கிற வரைக்கும் நீ இஞ்ச நிக்கத்தானே வேணும்? நாளைக்கு வந்து நிரந்தரக் கடிதத்த எடு. வரக்குள்ள அந்த நாய்களுக்கும் ஒரு வழி யோசிச்சுக்கொண்டு வா."

"ஓம் சேர்" என்றாள் ஷிம்லா. பிறகு குசினியைப் பார்த்து, "உம்மா, கறி மிச்சம் இரிக்கா?" என்று கேட்டாள்.