அரை அடி உயர்த்திய வாசல்

புத்தம் புது மரத்தைச் சங்கிலியால் அடித்துப் பழசாக்கும் வேலையை அந்த ஒரு சைட்டில்தான் செய்திருக்கிறேன். துபாயில் ஒரு ஹோட்டலுக்குள், இங்கிலாந்துக் கிராமத்தில் முந்நூறு வருஷமாக நிற்கும் பப் ஒன்றை அச்சு அசலாகக் கட்டினோம். வளைந்த உத்திரங்கள், கோணல் சுவர், நெருப்பே மூட்டப்போகாத பெரிய கணப்படுப்பு. அதற்கு மேலே புகை படிந்த கறையைக்கூடப் பெயின்டில் கொண்டுவந்தோம். தச்சு வேலை தெரிந்தவனுக்கு அது ஒரு தண்டனை. கை தானாக நேராக்கப் பார்க்கும், வரைபடமோ கோணலைக் கேட்கும்.

ஃபோர்மேன் அண்ணனும் நானும் நாகர்கோவில் பக்கம். அஜ்மானில் நாலு வருஷம் ஒரே ரூம். நான் ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவர். உள்வாசலின் உயரம் ஐந்தரை அடி என்று வரைபடத்தில் பார்த்ததும் சிரித்துவிட்டார். "லேய் மக்கா, வாறவன் எல்லாம் தலைய இடிச்சுச் சாவான். அரை அடி ஒசத்திரு." என்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்றேன். "நான் பேசிக்கிடுதேன். எம்மேல நம்பிக்கை இல்லியா ஒனக்கு?" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? உயர்த்தி, உத்திரத்தைப் பொருத்தி, கல்லும் ஒட்டி முடித்தேன்.

வரைபடம் போட்ட வெள்ளைக்காரர் வந்தார். குனியாமல் உள்ளே போனவர், திரும்பி வந்து மறுபடியும் நடந்து பார்த்தார். அந்தப் பழைய பப்பில் யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டுமாம். கட்டடத்தின் அழகே அதுதானாம். யார் செய்தது என்று கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஐ நாட் டெல் சார். ஹீ டூ," என்றார், நானாகவே செய்ததுபோல. நான் கையில் இருந்த டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். அடுத்த மாதம் என் மனைவியும் நாலு வயது மகளும் வருவதாக இருந்தது. விசாவை ரத்து செய்து என்னை ஊருக்கு அனுப்பினார்கள். வழியனுப்பக்கூட அவர் வரவில்லை. பச்சைத் துரோகம். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆறு வருஷம் கழித்து வேறு கம்பெனி விசாவில் திரும்பி வந்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அஜ்மானில் ஒரு மளிகைக் கடையில் யாரோ தோளைத் தொட்டார்கள். அவர்தான், நரைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல சேதி சொல்பவர்போல முகம் மலரச் சொன்னார்: "அந்த வாசல எறக்கவே இல்ல மக்கா. ஓனர் பாத்துட்டு, இதுவே நல்லாருக்குன்னுட்டாரு. இன்னைக்கும் நீ வச்ச ஒசரந்தான்."

அப்படியானால் என்னை எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "சந்தோஷம் அண்ணே," என்றேன். அந்த 'அண்ணே' எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரத்தைவிட இப்போது என்மேல்தான் அதிகமாக இருக்கிறது.