நான் கட்டிய நாலு வரி

எல்லாம் ஒரு பென் டிரைவ் கெட்டுப்போனதில் ஆரம்பித்தது. கோவில்பட்டியில் நான் பில் போடும் ஜவுளிக்கடையில் அப்போது ஆடித் தள்ளுபடி. ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பதிவுக் குரல் மதியத்தோடு நின்றுபோனது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மைக்ல நீங்க பேசிருங்க. என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியாமல் என்ன? கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அதை அப்படியே சொல்லத்தான் மைக்கை வாங்கினேன். வாய் வேறு எதையோ சொன்னது. "மாமியாருக்கு ஒரு சேலை எடுத்தா மருமகளுக்கு ஒரு சேலை சும்மா. சும்மா வந்த சேலை நல்லா இருந்து வீட்ல சண்டை வந்தா, அதுக்குக் கடை பொறுப்பில்ல."

சேலை விரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், பிறகு அந்தத் தளமே சிரித்தது. தள்ளுபடி முடியும் வரை மைக் என்னிடமே இருந்தது. முடிந்த மறுநாள் மேனேஜர் மைக்கை உறை போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் பழையபடி பில் போட உட்கார்ந்தேன். ஆனால் எனக்குள் கிளம்பிய ஒன்றை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது?

சின்ன வயதில் எனக்கு இந்த வியாதி உண்டு. புதூர்ப் பக்கம் எங்கள் அப்பாவின் ஆடுகளுக்குப் பின்னால் நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஆட்டைப் பற்றி, வாத்தியாரைப் பற்றி, கம்மங்காட்டுக்காரரின் மீசையைப் பற்றியெல்லாம் பாட்டுக் கட்டுவேன். அது ஒன்றும் பொற்காலமில்லை. காலில் முள்ளும் தலையில் வெயிலுமாகப் போன காலம்தான். பெரியவளானால் பாட்டுக் கட்டுவதே என் வேலை என்று மட்டும் நினைத்திருந்தேன். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு கல்யாணம், கழுகுமலைப் பக்கம் புகுந்த ஊர், ஒரு மகள், தினமும் கோவில்பட்டிக்கு பஸ். வாய் தானாகவே அடங்கிவிட்டது. எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

இப்போது நாற்பத்து மூன்று வயதில் அது திரும்பி வந்து என்னைப் படாத பாடு படுத்தியது. பஸ்ஸில் வரி வந்தது. பில் போடும்போது வந்தது. ஒரு அம்மாவின் உள்பாவாடைக்குப் பட்டுச்சேலை விலையைப் போட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன். சோறு வடிக்கும்போது வந்து கஞ்சி அடுப்பில் கொட்டியது. லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அலுத்து வரும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, வாய் அசஞ்சிக்கிட்டே இருக்கு? யாரையும் வையுதியா?"

"பாட்டுக் கெட்டுதேன்."

"சரி, கொழம்புல உப்பு இல்ல," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆவணியில் எங்கள் ஊர்க் காளியம்மன் கோவில் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டார்கள். ஒரு வீட்டுக்குள் வெளிச்சம் படாமல் சட்டிகளில் பயறு முளைக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்களெல்லாம் அந்த வீட்டு வாசலில் கூடி வட்டமாகக் கும்மியடிப்போம். ஒருத்தி அடி எடுத்துப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். பாட்டு நடுவில் நின்றுவிட்டால் முளை வளராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் வாய் வலித்தாலும் கை வலித்தாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

அடி எடுத்துப் பாடுவது என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கணீரென்ற குரல், இருக்கிற பாட்டெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடம் போய் நின்றேன். எதற்கும் பயப்படாத நான் அன்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் ஒரு பாட்டுக் கெட்டியிருக்கேன். ஒரு நாளைக்குப் படிக்கட்டுமா?"

"இருக்கிற பாட்டுக்கே நாள் பத்தல. புதுசு எதுக்குட்டி? வாங்கிப் படிக்க ஆளில்லாமப் பாதியில நின்னுச்சுன்னா முளைக்கு ஆகாது. நாளைக்கு ஊரே என்னையத்தான் கேக்கும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வட்டத்தில் அவள் பாடியதை வாங்கிப் பாடினேன். என் நாலு வரியும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை விட்டால் இன்னொரு இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. செத்த பிறகு கும்மியடிக்கவா போகிறேன்?

கடைசி நாள் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கும்மியடித்தோம். மேகம் எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மலைப் பக்கம் போய்விட்டது. ஓரகத்தி ஒரு பாட்டை முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். அடுத்த பாட்டுக்கு அவள் வாய் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன்.

"மேகம் திரளுது மேலே உருளுது
மேற்கத்தி ஊரிலே கொட்டிருது – நம்ம
வேகாத வெயிலிலே வெடிச்ச கரிசலை
வேடிக்க பாத்துட்டுப் போயிருது"

யாரும் வாங்கிப் பாடவில்லை. தெரியாத பாட்டை எப்படி வாங்குவார்கள்? கைகள் தடுமாறின, இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள், வட்டம் நிற்கப் போனது. முளையைக் கெடுத்த முண்டை என்று ஊர் சொல்லப்போவது அப்போதே காதில் விழுந்தது. ஓரகத்தி என்னை ஒரு முறை முறைத்தாள். முறைத்தபடியே, பாட்டு நிற்கக் கூடாதே என்று, வாய் திறந்து என் வரியை வாங்கினாள். அவள் வாங்கியதும் எல்லோரும் வாங்கினார்கள். என் நாலு வரியை ஊர்ப் பெண்களெல்லாம் சேர்ந்து பாடியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையைத் தட்ட வேண்டியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

முடிந்ததும் ஓரகத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "சொல்லிட்டுப் படிச்சாத்தான் என்னவாம்?" என்றாள். சொல்லிப் பார்த்தேனே என்று கேட்க நினைத்து, தண்ணீரைக் குடித்தேன்.

அதோடு அடங்கியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அடுத்த மாதம் ஒரு காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில், வேறு ஊரில் ஏறிய ஒரு அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். மடியில் தூக்குவாளியை வைத்துத் தாளம் போட்டு முணுமுணுத்தார். "மேகம் திரளுது மேலே உருளுது, மெட்ராசு ஊரிலே கொட்டிருது…"

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இது எங்கன உள்ள பாட்டும்மா?"

"எங்க ஊரு முளைப்பாரியில படிச்சாவ தாயி. அந்தக் காலத்துப் பாட்டு."

அந்தக் காலமாம். மெட்ராசாம். என் மேற்கத்தி ஊரைத் தூக்கி எறிந்துவிட்டு யார் இதை வைத்தது? கோபம் கோபமாக வந்தது. ஒருமுறை மனசுக்குள் பாடிப் பார்த்தேன். ஆண்டுதோறும் வெள்ளத்தில் மிதக்கும் மெட்ராசுதான் என் வரியைவிட நன்றாக இருந்தது. அதில் இன்னும் கோபம் வந்தது.

"அது அந்தக் காலத்துப் பாட்டு இல்ல. நான் கெட்டுன பாட்டு. மெட்ராசு இல்ல, மேற்கத்தி ஊரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக்காரப் பார்வை இல்லை. கத்தரிக்காயில் சொத்தை தேடுகிற பார்வை. "நீயா கெட்டுன? அப்பம் அடுத்த அடியச் சொல்லு."

அடுத்த அடி என்னிடம் இல்லை. இத்தனை நாளும் அந்த நாலு வரியையே திருப்பித் திருப்பி மென்றுகொண்டிருந்திருக்கிறேன். முகம் சூடானது. வெளியே பருத்திக் காடு போய், கட்டடங்கள் வர ஆரம்பித்தன. கடைக்கு இறங்கும் நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதினார். நான் எழவில்லை. விரலால் முன் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தேன். பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது சொன்னேன்.

"பஸ்சும் குலுங்குது பாட்டும் குலுங்குது
பாதையில் ஸ்டாப்புந்தான் தாண்டிருச்சு – அங்க
பில்லு மெஷினுந்தான் ஆளக் காணாமப்
பேந்தப் பேந்தத்தான் முழிச்சிருச்சு"

அவர் தூக்குவாளியில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார்.

"நீ மொதல்ல கெட்டுன பாட்டு அளவுக்கு இல்ல தாயி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நீ முதலில் கட்டிய பாட்டு என்றல்லவா சொன்னார். நான் வந்த வழியே கடையை நோக்கி வேகமாகத் திரும்பி நடந்தேன். நேரமாகிவிட்டது, மேனேஜர் கத்துவார். பஸ் பாட்டில் அந்த மூன்றாவது வரிதான் சரியில்லை.