குழிக்குள் இறங்கிய ரம்பக்காரி

அந்தக் காட்டோரத்தில் அவளுக்குப் பெயரே ரம்பக்காரிதான். கணவன் இறந்துபோன மறுமாதமே அவனுடைய மோட்டார் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் அறுக்கக் கிளம்பியவள். பெற்ற மூன்று பெண்களுக்கும் அந்த ரம்பம்தான் சோறு போட்டது. குடும்ப மானமே போச்சு என்று கொழுந்தன் அன்றோடு பேச்சை நிறுத்தினான். எதிரே வந்தால் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு போவான். ஆறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அன்று பிற்பகல் இடிமழையோடு வந்த காற்று கால் மணி நேரத்தில் காட்டையே கலைத்துப் போட்டது. கொழுந்தன் வீட்டுப் பின்புறத்துப் பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. மாட்டை அவிழ்க்க ஓடியவன் அப்போது மரம் சாய்ந்ததற்கு மறுபக்கம், வேரடியில் இருந்தான். காலடியில் தரை பிளந்து குழிக்குள் விழுந்தான். கணுக்கால் ஒரு வேருக்கும் பாறைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. பெயர்ந்த வேர்கள் மண்ணோடு அவன் தலைக்கு மேல் சுவராக நின்றன.

செய்தி கேட்டு ரம்பக்காரி ஓடிவந்தபோது நாலு ஆண்கள் அடிமரத்தை அறுக்கப் போனார்கள். பாரம் குறைந்தால் கால் விடுபடும் என்பது அவர்கள் நினைப்பு. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அறுத்தா இவரை உயிரோட புதைச்ச மாதிரிதான். மரத்தோட பாரம்தான் வேரை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கு. அது போச்சுன்னா வேர் அப்படியே குழிக்குள்ள திரும்பி உக்காந்துரும்."

மோட்டார் ரம்பம் அதிரும் என்று கைரம்பத்தை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே இறங்கினாள். காற்று இன்னும் அடங்கவில்லை. அது வீசும்போதெல்லாம் வேர்ச்சுவர் முனகியது. அவள் பிடரியில் மண் உதிர்ந்தது.

கொழுந்தன் உடைந்து அழுதான். "மேல போயிடுங்க அண்ணி. பொண்ணுங்களுக்கு நீங்க ஒருத்திதான் இருக்கீங்க."

"ஆறு வருஷம் பேசாம இருந்தீங்கல்ல, தம்பி? இன்னும் அஞ்சு நிமிஷம் இருங்க. காலை மட்டும் ஆட்டாதீங்க."

மணிக்கட்டுப் பருமன் இருந்த வேரை அங்குலம் அங்குலமாக அறுத்தாள். கால் விடுபட்டது. மேலே இருந்தவர்கள் முதலில் அவனையும் பிறகு அவளையும் இழுத்துப்போட்டார்கள்.

பிள்ளைகள் யாராவது அந்தக் குழியில் இறங்கிவிடக்கூடாதே என்று, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவளே அடிமரத்தை அறுத்தாள். வேர்ச்சுவர் சட்டென்று குழிக்குள் சாய்ந்து பொத்தென்று மூடியது. அவன் கிடந்த இடமே தெரியவில்லை. அந்த நாலு ஆண்களும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கொழுந்தன் மனைவி ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள். ரம்பக்காரிக்கும் கண் நிறைந்துவிட்டது. குரலை மட்டும் உடையவிடவில்லை.

"எழுந்திரும்மா. என் காலை விட்டுட்டு உன் புருஷன் காலைத் தாங்கிப் பிடி. ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்."