உப்புப் பூத்த செங்கல்

என் மனைவி ஜொகராவின் மல்லிகையைப் பட்டுப்போகச் செய்தவன் நான்தான். அந்தப் பழியைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் தலையில் போட்டவனும் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் எனக்கு மேற்பார்வை வேலை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடந்தது. சாணார்பட்டிக்காரியான பேச்சியம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து மல்லிகைப் பதியன்களைக் கொண்டுவந்து ஜொகராவோடு சேர்ந்து நட்டாள். மாலையானால் இருவரும் குட்டைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பூக்கட்டுவார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த ஜொகராவுக்கு இந்த ஊரில் அவளை விட்டால் வேறு பேச்சுத்துணை கிடையாது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

முதலாளியின் பங்களாவில் பாத்திகளைச் சுற்றிச் செங்கல்லைச் சாய்வாகப் பதித்து, வெள்ளையடித்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கரை என் வீட்டிலும் வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கும் பழைய கொட்டடியை ஷாப்பில் இடித்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த அந்தச் செங்கற்களைக் கைவண்டியில் ஏற்றி வந்தேன். கயிறு பிடித்து, பள்ளம் பறித்து, பல்வரிசை போலப் பதித்தேன்.

பேச்சியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன் பாய், பூவுக்கும் ஒரு கோட்டையா கட்டுறீக? மண்ணை அணைச்சு விட்டாப் பத்தாதா?"

ஜொகராவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த கோடைக்குள் இலைகளின் ஓரம் கருகியது. மொட்டுகள் உதிர்ந்தன. செடிக்கு நல்லதென்று பேச்சியம்மா காலைதோறும் சுவருக்கு மேலாகக் கழுநீர் ஊற்றுவாள். அதைத்தான் பிடித்துக்கொண்டு ஜொகராவிடம் சொன்னேன்.

"ஊறுகாய்ச் சட்டி கழுவுற தண்ணியெல்லாம் இங்கதான் ஊத்துறாக. உப்பு ஏறிப்போச்சு, வேறென்ன?"

அப்போது அதை நானே நம்பினேனா? பாதி நம்பினேன்... மீதிப் பாதி, அவள் சிரித்ததற்குப் பதில்.

ஜொகரா அவளிடமே கேட்டுவிட்டாள். "அரிசி கழுவுன தண்ணிதான் தாயி ஊத்துறேன்," என்று பேச்சியம்மா எவ்வளவோ சொன்னாள். ஜொகரா என் வார்த்தையைத்தான் நம்பினாள். கழுநீர் நின்றது. பேச்சும் நின்றது.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலை, செங்கற்களின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். உப்பு! தினமும் உப்புத் தோலுக்கு நடுவே நிற்பவன் நான்... எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

அன்றே கற்களைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். பிடுங்கினால் ஏன் என்று ஜொகரா கேட்பாளே! சுண்ணாம்பைக் கரைத்து, அந்த வெள்ளையின் மேலேயே வெள்ளையடித்தேன். வந்தவர்கள் எல்லாரும் பங்களா போல இருக்கிறது என்றார்கள். பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவராவது குனிந்து பார்த்திருக்கக் கூடாதா?

பிறகு பேச்சியம்மாவின் புருஷனுக்கு வத்தலக்குண்டுக்கு மாற்றலாயிற்று. புறப்படும் நாளில், ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு மல்லிகைப் பதியனோடு அவள் வந்தாள். நான் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையும் கையுமாகப் பாத்தியருகே நின்றிருந்தேன்.

"இதையாச்சும் வச்சுப் பாரு ஜொகரா. வாரேன்."

ஜொகரா வாங்கிக்கொண்டாள். வண்டி போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். பின்பு பதியனை எடுத்துவந்து அதே பாத்தியில், என் கரைக்குள்ளேயே குழி தோண்டினாள்.

அங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்... தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அதுவும் கருகியது. காய்ந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஜொகரா சொன்னாள்: "அக்கா மனசார குடுக்கலை போலங்க. எம்மேல அம்புட்டுக் கோவம்."

"இருக்கும்," என்றேன்.

பெருநாள் வருகிறது. கரைக்கு அடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறேன்.